முதுகுவலியும் அவகாசமும்

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று படகு விடுகிற அந்தப் பெரிய ஏரி, ஈயக் கல்லுக்காகப் பூமியைப் பல்லாண்டுகள் தோண்டியதால் உண்டான பள்ளம் என்பதும், ஹொங் பாட் என்ற அந்தச் சுரங்கம் உலகத்துத் திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகப் பெயர் பெற்றிருந்தது என்பதும், அதன் கரையில் எழுந்த பேரங்காடிக்கு வந்து போகிறவர்களில் அநேகருக்குத் தெரிந்திராது. அவசரகாலத்தில், 1950-களின் தொடக்கத்தில், சுற்றுப்புறத்துச் சீனக் குடும்பங்களைத் திரட்டி வேலிக்குள் குடியமர்த்திய செர்டாங் புதுக்கிராமமே பின்னாளில் இவ்வூராக வளர்ந்தது. அதற்கப்பால் ரப்பர்த் தோட்டங்கள். பள்ளத்து நீரில் டூலாங் என்னும் மரத்தட்டைச் சுழற்றி ஈய மணலை அரித்தெடுத்த சீனப் பெண்களும், மேட்டில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரத்துக்கு மரம் குனிந்து கோடு சீவி, பிறகு பால் நிறைந்த வாளிகளைத் தோள்கம்பில் சுமந்து நடந்த தமிழர்களும் பேசிய பாஷை வேறு, கும்பிட்ட தெய்வம் வேறு. வலித்த இடம் மட்டும் ஒன்று.

அந்த முதுகுவலிக்கு அந்நாளில் என்ன சிகிச்சை நடந்தது என்று சரித்திரத்தில் தேடினால், வைத்தியரைக் காண்பதற்கு முன் கடைக்காரரையே காண்கிறோம். சீனக் கூலிக்குச் சண்டு என்னும் புகையபின் இருந்தது. 1910 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் அரசாங்கமே அதைக் காய்ச்சி விற்று வருமானம் கண்டது. தமிழ்த் தொழிலாளிக்குத் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதோடும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்ததை ஒழுக்கப் பிரசாரமாக மட்டும் படிப்பது போதாது என்பது என் அபிப்பிராயம். மறுநாள் விடியலில் ஆள் வந்து வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் சரீரத்தின் முறையீடு அடங்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் சேர்த்தே அவர்கள் எதிர்த்தார்கள்.

இன்று தோட்டமும் இல்லை, சுரங்கமும் இல்லை. பட்டறையிலும் கிடங்கிலும் மூட்டை தூக்குகிறவரும், லாரியிலோ கிராப் வண்டியிலோ பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறவரும், பாதுகாவலராக இரவெல்லாம் நிற்கிறவரும், கணினியின் முன் அசையாதிருக்கிறவருமாக ஜனங்கள் மாறிவிட்டார்கள். ஆயினும் நாள்பட்ட முதுகுவலி அவர்களை விட்டுப் போகவில்லை. கிளினிக்கில் அகப்படும் சில நிமிஷங்களுக்குள் கேட்கவும் கொடுக்கவும் ஏற்ற பொருள் மாத்திரை ஒன்றே. முதலில் சாதாரண வலி நிவாரணி. அது போதாதபோது டிராமடோல். அதற்கும் மேலே, கடுமையான சட்டக் கட்டுப்பாட்டுக்குள், ஆக்சிகோடோன், மார்பின் முதலானவை. டிராமடோல் முதற்கொண்டு சொன்னவற்றுள் சில கசகசாச் செடியின் பாலிலிருந்து வந்தவை, சில ரசாயனக் கூடத்தில் பிறந்தவை. ஆனால் உடம்புக்குள் இவை எல்லாம் ஒரே கதவைத் தட்டுகின்றன.

அந்தக் கதவு எது என்பது 1973-இல் தெரிந்தது. நரம்பணுக்களின் மேல் அபினி வர்க்கத்துப் பொருள்கள் வந்து பற்றிக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் அமைந்திருப்பதை அமெரிக்காவில் பெர்ட், ஸ்னைடர் என்ற இருவர் கண்டறிந்தார்கள். கசகசாவின் சாற்றுக்காக மனித மூளை ஏன் பூட்டும் துவாரமும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் விடை கண்டார்கள். மூளையே அதே இனத்துப் பொருளைச் சொற்ப அளவில் சுரந்துகொள்கிறது. வெளியிலிருந்து மாத்திரை வடிவில் அது தினந்தோறும் ஏராளமாக வந்து சேருமாயின், ஏற்பிகள் மந்தமடைகின்றன. நேற்றுப் போதிய அளவு இன்று போதுவதில்லை. சிலருக்கு, விபரீதமாக, வலியை உணரும் கூர்மையே அதிகரித்துவிடுகிறது. மலச்சிக்கல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம், பழகிப்போனபின் விட முடியாமை ஆகியவற்றை மருந்தின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இவ்வளவு கஷ்டங்களையும் பொறுத்துக்கொண்டால் வலியாவது தீருகிறதா என்பதை நெடுங்காலம் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ நிலையங்களில் 240 பேரை ஓராண்டுக் காலம் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதைச் செய்தது. நாள்பட்ட முதுகுவலியோ, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ உடைய இவர்களில் பாதிப்பேருக்கு அபினி வர்க்க மருந்துகளும், பாதிப்பேருக்குச் சாதாரண மருந்துகளும் தரப்பட்டன. அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. வலியின் கடுமையோ சாதாரண மருந்து உண்டவர்களுக்கே சற்றுக் குறைவாக இருந்தது. புதிதாகத் தோன்றும் முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் ஆக்சிகோடோன் உதவுமா என்று சிட்னியில் 347 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியான முடிவும், ஆறு வாரத்தில் வெறும் மாவு மாத்திரையைவிட அது எவ்விதத்திலும் மேலானதன்று என்பதே. அந்த ஆண்டின் டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகுவலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில் இம்மருந்துகள் வேண்டாம் என்று எழுதியதற்கு இத்தகைய பரிசோதனைகளே ஆதாரம்.

அப்படியானால் இதற்குப் பதிலாக எந்த மாத்திரை என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது என்பதைக் காட்ட, நாள்பட்ட வலி என்பது என்ன என்று சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

முதுகுவலிக்காரர் எவரும் ஒரு எம்.ஆர்.ஐ. படத்தைப் பத்திரமாக வைத்திருப்பார். அதில் தட்டு தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கும். ஆனால் முதுகில் யாதொரு வலியும் இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் பார்த்தபோது, இருபது வயதினரிலேயே 100-க்கு 37 பேருக்கும், ஐம்பது வயதினரில் 80 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. தலைமயிர் நரைப்பதை வியாதி என்று சொல்லாத நாம், எலும்புத் தட்டு நரைப்பதை மட்டும் வியாதி என்று எண்ணி நடுங்குகிறோம். படத்தில் கண்ட தேய்மானம் வலிக்கு ஒருபோதும் காரணமாகாது என்பதன்று. ஆனால் பெரும்பாலோரிடத்தில் படத்தையும் வலியையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட முடிவதில்லை.

காயத்தின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேர்க் கணக்கு இல்லை என்பதை இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலிக் களத்தில் பணிபுரிந்த பீச்சர் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். பெருங்காயம் பட்டும் மார்பின் வேண்டாமென்ற போர்வீரர்கள் பலரை அவர் கண்டார். தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்திக் காவடி சுமப்போரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிக ஆச்சரியம் இல்லை. (பக்தியை நரம்புகளின் கணக்கில் அடக்கிவிடுவது என் நோக்கமன்று, நரம்புகள் பக்திக்குச் செவிசாய்க்கின்றன என்பதே செய்தி.) 1965-இல் மெல்சாக்கும் வாலும் வெளியிட்ட வாயில் சித்தாந்தம் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது: தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழையுமிடத்தில் ஒரு வாயில் உண்டு, உடம்பிலிருந்து வரும் மற்ற ஸ்பரிசங்களும், மேலே மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அதைத் திறக்கவோ ஒடுக்கவோ செய்கின்றன. பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலை போய்விடுமோ என்ற கவலை ஆகியவை வாயிலைத் திறந்து வைப்பவை. மாதக்கணக்கில் அது திறந்தே கிடக்குமாயின் நரம்பு மண்டலம் கூர்மையேறிவிடுகிறது. ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டு நாய் பிறகு சருகு அசைந்தாலும் குரைப்பதுபோல, தசைநாருக்கு நேர்ந்த சேதம் ஆறி வெகுகாலம் ஆன பின்னும், குனிவதும் நிமிர்வதுமே ஆபத்தாக அறிவிக்கப்படுகின்றன. வலி பொய்யன்று, கற்பனையும் அன்று. அது சொல்லும் சேதிதான் காலாவதியானது.

இந்நிலையில் செய்யத் தக்கவை எவை? ஓய்வு என்றுதான் பெரியவர்கள் சொல்லுவார்கள். பலகையில் படுக்க வைத்துப் பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்று வைத்தியர்களே கட்டளையிட்ட காலமும் உண்டு. ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களிடம் சோதித்து 1995-இல் வெளியான ஆராய்ச்சி, புதிதாக முதுகுவலி கண்டவர்களில், படுத்தவர்களைவிட இயன்ற அளவு வழக்கமான காரியங்களில் ஈடுபட்டவர்களே விரைவில் தேறினார்கள் என்று காட்டியபின் அந்தக் கட்டளை மறைந்தது. இடுப்புப் பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் அவ்வாறே உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டாதவை வரிசையில் சேர்ந்துவிட்டன. பாராசிட்டமால் புதிய முதுகுவலியில் மாவு மாத்திரைக்கு மேல் பயன் தரவில்லை என்று 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. டைக்லோபினாக் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்துகள் சிறிது உதவுகின்றன. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ள இந்நாட்டில், அதிலும் இந்தியர்களிடையே அது மிகுந்திருக்கையில், சிறுநீரகத்தையும் இரைப்பையையும் தாக்கக்கூடிய இவற்றை மாதக்கணக்கில் கடையில் வாங்கி உண்பது துணிச்சலான காரியம்.

இதைவிடத் துணிச்சலானது ஒன்றுண்டு. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும், இப்போது கைத்தொலைபேசி வழியாகவும், மூலிகை மட்டுமே என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் ஜாமு, மாஜுன் வகைகளிலும் மாத்திரைகளிலும் சிலவற்றில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும். முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு உள்ளுக்குள் பலமிழக்கும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே அபாயம் நேரும். மூலிகை மருந்து வேண்டுமென்பவர் பதிவெண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் உள்ளனவா என்று பார்க்காமல் ஒரு சென் கூடக் கொடுக்கலாகாது.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் பிடித்துவிடும் நிலையங்களைப் பற்றிக் கேட்காத முதுகுவலிக்காரர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரார். 1951-இல் ஏற்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்தப் பேட்டையிலேயே இருந்து பயிற்சி அளித்து வந்திருப்பதால் உண்டான தொழில் அது. கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்யும் அந்த விரல்களுக்குத் தசையின் முடிச்சு எளிதில் புலப்படும். விஞ்ஞானம் இதற்கு ஓரளவு சாட்சி சொல்கிறது. அமெரிக்காவில் 401 பேரிடம் செய்து 2011-இல் வெளியிட்ட சோதனையில், பத்து வாரம் பிடித்துவிடப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்கு நடமாடினார்கள். குறிப்பிட்ட தசைகளைத் தேடிப் பிடிப்பதும், உடம்பு முழுவதும் இதமாகத் தடவிவிடுவதும் ஒரே பலனைத் தந்தன. ஓராண்டு முடிவில் அந்தப் பலன் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. அக்குபங்சரின் கதை இன்னும் வேடிக்கையானது. ஜெர்மனியில் 1,162 பேரிடம் சோதித்ததில், முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 100-க்கு 48 பேரும், புள்ளி தவறிப் பொய்யாகக் குத்தப்பட்டவர்களில் 44 பேரும் தேறினர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தேறியவர் 27 பேர்தான். ஊசி நுழையும் இடத்தைவிட, அரை மணி நேரம் ஒருவர் நம் உடம்பைக் கவனித்தார் என்பதற்கே அதிக வலிமை இருக்கக்கூடும். 2007-இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, அரசாங்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் அக்குபங்சருக்கும் மலாய் முறை உருவுதலுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். இவை வாயிலைச் சற்று நேரம் ஒடுக்குகின்றன. அந்த இடைவேளையில் நோயாளி எழுந்து நடப்பாராயின் லாபம், அடுத்த முறை எப்போது என்று காத்திருப்பாராயின் நஷ்டமே.

நடை என்றேன், அது அலங்காரப் பேச்சன்று. ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து தேறிய 701 பேரில் ஒரு சாராருக்குப் பிசியோதெரபிஸ்டின் துணையோடு, ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம் என்ற அளவை நோக்கி நடையைப் படிப்படியாக உயர்த்தச் சொல்லி, 2024-இல் கணக்குப் பார்த்தார்கள். வலி மீண்டும் வருவதற்கு, நடந்தவர்களில் நடுவிலுள்ளவருக்கு 208 நாள் ஆயிற்று. மற்றச் சாராரில் 112 நாள். யோகாசனத்தைப் பற்றியோவென்றால், பாஸ்டன் நகரில் பெரும்பாலும் ஏழை எளியவரான 320 பேரிடம் 2017-இல் கண்ட முடிவு, அது பிசியோதெரபிக்கு இளைத்ததன்று என்பது. எந்தப் பயிற்சி உயர்ந்தது என்று நிபுணர்கள் விவாதித்துக்கொண்டிருக்கட்டும். எதை ஒருவர் ஆறு மாதம் விடாமல் செய்வாரோ அதுவே அவருக்கு உயர்ந்தது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துச் செய்து காட்டிய ஸ்தாபனம் இந்தப் பள்ளத்தாக்கின் வடகோடியிலேயே இருக்கிறது. செலாயாங் மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவில், மயக்கவியல் நிபுணர் டாக்டர் மேரி கார்டோசாவும் அவருடைய சகாக்களும், சிட்னிப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் மைக்கேல் நிக்கோலஸின் ஒத்துழைப்போடு, 2002-இல் மெனாங் என்ற இரண்டு வாரப் பயிற்சியைத் தொடங்கினார்கள். வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் உளவியலாளரும் கூடி நடத்தும் இப்பயிற்சியில், வலியை ஒழித்துத் தருகிறோம் என்ற வாக்குறுதி கிடையாது. வலி இருக்கும்போதே வாழ்க்கையைத் திரும்பப் பெறுவதற்கான பழக்கங்களையே கற்பிக்கிறார்கள்.

அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் நம் வீட்டுப் பெண்களில் அநேகருக்கு அது பொருந்தும். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்துத் துணியைத் துவைத்து, வீடு முழுவதும் துடைத்து, விருந்துக்கும் சமைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் படுத்துவிடுவது. எழுந்ததும் பழையபடி தொடங்குவது. இப்படிச் சுழலச் சுழல, செய்யக்கூடிய வேலை குறைந்துகொண்டே போய், வேலைக்கும் வேதனைக்கும் உள்ள முடிச்சு இறுகுகிறது. இதற்கு மாற்றாக, வலியைக் கேட்டு நிறுத்தாமல் கடிகாரத்தைக் கேட்டு நிறுத்த வேண்டும்: பத்து நிமிஷம் நிற்க முடியுமானால், நல்ல நாளாயினும் எட்டு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், கெட்ட நாளாயினும் அந்த எட்டு நிமிஷத்தைச் செய்துவிட வேண்டும், வாரந்தோறும் ஒரு நிமிஷம் கூட்ட வேண்டும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த உபாயம், அசைவு ஆபத்தன்று என்ற பாடத்தை நரம்புகளுக்குப் போதிக்கிறது. நடந்தால் எலும்பு நொறுங்கிவிடும் என்பது போன்ற எண்ணங்களை எடுத்துப் பரிசீலிப்பதும், தூக்கத்தைச் சீர்படுத்துவதும், மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதும் கூடவே நடக்கின்றன. பயின்றவர்களின் இயலாமையும் மனத்துயரும் குறைந்து, அந்த நன்மை ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்ததாக 2012-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் இரண்டு வாரம்! தினக்கூலிக்காரருக்கும், ஓட்டிய தூரத்துக்குக் காசு பெறுகிறவருக்கும் இரண்டு வாரம் என்பது ஒரு சிறு சொத்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். அரைநாள் கூலியும் மேலாளரின் முகச்சுளிப்பும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. மாத்திரை ஜெயிப்பது வீரியத்தால் அன்று, வேளையைத் தின்னாமையால். மாற்று மார்க்கம் ஒவ்வொன்றும் அவகாசத்தைக் கேட்கிறது. அவகாசமோ சண்டும் கள்ளும் விற்ற நாளிலிருந்தே இந்தப் பள்ளத்தாக்கில் உழைப்பாளிக்குக் கிடைக்காத பொருள். இதை ஓரளவு உணர்ந்து செயல்பட்டது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ; வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை 2007-இல் தொடங்கி, மறுவாழ்வுச் சிகிச்சைக்கும், முதலாளியோடு பேசி வேலையின் தன்மையை மாற்றித் தருவதற்கும் ஆள் நியமித்தது. சந்தாதாரராக இருந்தும் இதைக் கேட்டுப் பெறாதவர் பலர். கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே டிராமடோலோ அதனினும் பலமான மருந்தோ நெடுநாள் உண்டு வருகிறவர், இதைப் படித்துவிட்டு இன்றே அதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. உடம்பு பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் கொடிய வலியும் பாய்ந்து வரும். வைத்தியர் மேற்பார்வையில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். புற்றுநோயின் வேதனையோ முற்றிலும் வேறு விஷயம். 1991 முதல் ஹாஸ்பிஸ் மலேசியா செய்து வரும் தொண்டில் மார்பினுக்கு நியாயமான இடம் உண்டு. முதுகுவலிக்காரருக்குச் சொன்ன எச்சரிக்கையைக் கேட்டு, மரணப்படுக்கையில் இருக்கும் தகப்பனாருக்கு அதைக் கொடுக்க மறுப்பது கொடுமை.

இறுதியாக, அவகாசமே கூடாத நிலை ஒன்றுண்டு. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அல்லது தன்னை அறியாமல் மலஜலம் கழிந்தாலோ, தொடைகளின் இடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ, காலின் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, தண்டுவடத்தின் கீழ் நுனியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நடையும் வேண்டாம், தைலமும் வேண்டாம். அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், ஏனெனில் அந்த நரம்புகளை அறுவைச் சிகிச்சையால் காப்பாற்றுவதற்கு மிகக் குறுகிய நேரமே உண்டு.